பள்ளி விட்ட பிறகு நடக்கும் வம்புக்கு யார் முதலில் இறங்குவது?

“ஸ்கூல் கேட்டுக்கு வெளியே நடந்ததுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?” ஆசிரியராக இருந்த காலத்தில் ஓய்வறையிலும், இப்போது உறுப்பினராக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் பயம் உண்மையானது. ஆனால் நான் பார்த்தவரை, பள்ளிப் பிள்ளைகளுக்குள் தொடங்கும் வம்பு முற்றுவதெல்லாம் கேட்டுக்கு வெளியேதான். டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டு, பேருந்து நிலையத்தின் பின்பக்கம், டியூஷன் விட்டு வரும் இருட்டுச் சந்து, ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப். வகுப்பில் ஆசிரியர் கண் இருப்பதாலேயே அது அங்கே இடம் பார்த்துக்கொள்கிறது.

இப்படி ஒன்று தெரியவந்தால் பெற்றோர் நேரில் போய்க் கேட்பதா, ஊர்ப் பெரியவர்களிடம் சொல்வதா, ஸ்டேஷனுக்குப் போவதா, குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடுவதா, பள்ளியிடம் போவதா? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிதான் முதலில் இறங்க வேண்டும். ஆனால் இப்போது பல பள்ளிகள் இறங்கும் விதத்தில் இறங்கக் கூடாது. இதை விளக்க நாங்குநேரியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவன் தன் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டான். அவனுடைய தங்கைக்கும் வெட்டு விழுந்தது. இந்த வழக்கில் பிடிபட்டவர்கள் வள்ளியூரில் அவன் படித்த பள்ளியின் மாணவர்கள், ஆதிக்க சாதியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் அவன் சில நாட்கள் பள்ளிக்கே போகாமல் இருந்திருக்கிறான். பள்ளியிலிருந்து விசாரித்தார்கள், வரச் சொன்னார்கள், நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தான். அன்று இரவு பத்தரை மணி வாக்கில் வீட்டுக்குள் அரிவாளோடு புகுந்தார்கள்.

இதில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிடவில்லை. வீட்டில் கவனித்தார்கள், பள்ளி கூப்பிட்டது, ஆசிரியர்கள் கேட்டார்கள், பையன் துணிந்து எழுதினான். அந்தக் காகிதம் ஆசிரியர் கைக்குப் போன நேரத்துக்கும் இரவு பத்தரைக்கும் நடுவில் அவனுக்கு யார் துணை என்பதை யாரும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. நம் ஊரில் புகார் சொன்னவன் பெயர் மறைந்திருப்பதில்லை. பள்ளியில் சொன்னது பஸ் ஏறுவதற்குள் ஊருக்குப் போய்விடும். அதனால் ‘யார் இறங்குவது’ என்று ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளை வைத்துத்தான் எடை போடுகிறேன். புகார் சொன்ன அன்று ராத்திரி அந்தப் பிள்ளை பத்திரமாக இருக்குமா? மறுநாள் காலையில் இரண்டு தரப்புப் பிள்ளைகளையும் கண்ணால் பார்க்கப்போவது யார்?

பெற்றோர் நேராகப் போய்க் கேட்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. எனக்குத் தெரிந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் காலி டிபன் பாக்ஸை ஓடும் பஸ்ஸின் ஜன்னல் வழியாக எறிவது பெரிய பையன்களுக்கு விளையாட்டு. இறங்கி ஓடி எடுக்கவும் முடியாது, கண்டக்டரிடம் சொன்னால் அடுத்த நாள் பை போகும். மூன்றாவது டப்பா தொலைந்தபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது. அப்பா மறுநாள் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து, எறிந்தவனின் சட்டையைப் பிடித்தார். அரை மணி நேரத்தில் அந்தப் பையனின் சித்தப்பாமார் இரண்டு பைக்கில் வந்து இறங்கினார்கள். டப்பா விஷயம் அத்தோடு காணாமல் போய்விட்டது. வளர்ந்த ஆள் ஒரு பள்ளிப் பிள்ளைமேல் கை வைத்தார் என்பது மட்டுமே பேச்சாக நின்றது. அவர் மகன் அந்த பஸ்ஸில் போவதையே நிறுத்திவிட்டு சைக்கிளுக்கு மாறினான்.

ஒரே தெரு, பழகிய குடும்பங்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்றால் அம்மாக்கள் இருவர் பேசினாலே தீரும். அங்கே பள்ளியை இழுக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. சாதியோ பணமோ அரசியல் செல்வாக்கோ நடுவில் ஏற்றத்தாழ்வு வைத்திருந்தால் பெற்றோர் தனியாகப் போகவே கூடாது. வம்பு பிள்ளைகளிடமிருந்து குடும்பங்களுக்கு மாறிவிடும், பிறகு யாராலும் அதைத் திரும்பப் பிள்ளைகளின் அளவுக்குக் கொண்டுவர முடியாது. பெற்றோர் செய்ய வேண்டிய பெரிய வேலை வீட்டுக்குள் இருக்கிறது. தேதி, இடம், யார் யார் இருந்தார்கள் என்று குறித்து வையுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். பிள்ளை சொன்னதும் போனைப் பிடுங்காதீர்கள். பெண் பிள்ளையாக இருந்தால் ‘படிச்சது போதும்’ என்ற பேச்சை எடுக்கவே எடுக்காதீர்கள். பல பிள்ளைகள் வாய் திறக்காமல் இருப்பதே இந்த இரண்டுக்கும் பயந்துதான்.

ஊர்ப் பெரியவர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பையன்களும் ஒரே சமூகத்துக்காரர்கள் என்றால் பெரியவர்கள் அதட்டி வைப்பது சில சமயம் உதவும். வேறு வேறு சமூகம் என்றால் அந்தப் பெரியவர்கள் நடுவர்கள் அல்ல, ஒரு தரப்பு. அங்கே ‘சமாதானம்’ என்பது அடி வாங்கியவன் வீட்டார் தலையாட்டிவிட்டு வருவதில்தான் முடிகிறது. பாலியல் தொல்லை என்றால் ஊரில் பேசி முடிப்பதே குற்றத்தை மறைப்பதாகும்.

காவல் நிலையம் பற்றி இரண்டு விதத் தவறான எண்ணம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள், ‘ஸ்டேஷன்ல சொன்னா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க’ என்று நம்பிப் போகிறார்கள். பள்ளியும் எதிர்த்தரப்பும், ‘பையன் வாழ்க்கையே போயிரும், நாளைக்கு கவர்ன்மென்ட் வேலை கிடைக்காது’ என்று சொல்லித் தடுக்கிறார்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்கவில்லை. பதினெட்டு வயது நிறையாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பிடித்தால் 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும், அவர் பிள்ளைகளிடம் பேசும்போது சீருடையில் இருக்கக் கூடாது. குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்று சட்டம் சொல்லும் கொடிய குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாக இருந்தாலோ தவிர எஃப்.ஐ.ஆர். போடாமல், பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2016-இன் மாதிரி விதிகளில் உள்ள முறை. குழுமம் எச்சரித்து விடலாம், ஆலோசனைக்கு அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரிடம் நன்னடத்தைப் பொறுப்பு எழுதி வாங்கலாம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறப்பு இல்லத்தில் வைக்கலாம். பதினாறு வயது முடிந்தவர் கொடிய குற்றம் செய்து, பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டால் கதை வேறு. மற்றவர்களுக்கு இந்த வழக்கால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்று அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆக, ஸ்டேஷன் என்றாலே ஒரு பையன் வாழ்க்கை முடிந்தது என்று பேசுவது தவறு. அப்படிப் பேசித்தான் பல புகார்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஆயுதம், ரத்தக் காயம், கொலை மிரட்டல், சாதியைச் சொல்லித் தாக்குதல், பாலியல் தொல்லை இவற்றில் ஒன்று இருந்தாலும் காவல்துறைக்குத் தகவல் போயே ஆக வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவருக்குச் சிறைத் தண்டனையும் உண்டு. ‘ஸ்கூல் பேர் கெட்டுரும்’ என்று தலைமையாசிரியர் யோசிக்க அங்கே இடமே இல்லை. சாதி சார்ந்த தாக்குதலில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பாயும்போது பாதிக்கப்பட்டவருக்கு அரசு நிவாரணமும் உண்டு. பி.சி.ஆர். கேஸ் (வன்கொடுமை வழக்குக்குப் பேச்சில் உள்ள பெயர்) என்று கிசுகிசுத்துப் பயமுறுத்தி அதைக் கைவிட வைப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

காவல்துறையால் முடியாததும் ஒன்று உண்டு. டப்பாவை எறிவது, பை தூக்க வைப்பது, தினம் பத்து ரூபாய் வாங்கிக்கொள்வது, பட்டப்பெயர் வைத்து பஸ் முழுக்கச் சிரிக்க வைப்பது இவையெல்லாம் தனித்தனியாக எடுத்தால் ஸ்டேஷனில் எழுதிக்கொள்ளும் அளவுக்கு இல்லாதவை. திரும்பத் திரும்ப நடப்பதால்தான் அவை ஒரு பிள்ளையை நசுக்குகின்றன. அந்தத் தொடர்ச்சி இன்ஸ்பெக்டருக்குத் தெரியாது. ஒரு முறை கூப்பிட்டு மிரட்டி அனுப்புவார். மறுநாள் அதே பஸ் வரும்.

1098-க்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு, குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்வது நான்காவது வழி. இதை நம் பெற்றோர் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். ‘வீட்ல அடிக்கிற பிள்ளைங்களுக்குத்தான் அது’ என்று நினைக்கிறார்கள். 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்கும் எண், பிள்ளையே பேசலாம். பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417-உம் இருக்கிறது. பள்ளியே சரியாக நடந்துகொள்ளாதபோது, அல்லது தொல்லை கொடுப்பவனின் மாமா அதே பள்ளியில் வேலை பார்க்கும்போது, முதலில் போக வேண்டிய இடம் இதுதான். குறை என்னவென்றால் தூரம். அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருக்கும், ஆள் வந்து சேர நேரமாகும். அன்றாடம் பார்க்கும் கண் அவர்களுக்குக் கிடையாது.

பள்ளிக்கு வருவோம். பள்ளி நேரத்துக்கு வெளியே கை நீட்டப் பள்ளிக்கு அதிகாரம் உண்டா என்பது உலகம் முழுக்க விவாதிக்கப்பட்ட கேள்வி. இங்கிலாந்தில் 2006-இன் கல்வி மற்றும் ஆய்வுச் சட்டம், பள்ளிக்கு வெளியே மாணவர் நடத்தையிலும் நியாயமான அளவுக்குத் தலையிடலாம் என்று தலைமையாசிரியருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுத்துவிட்டது. ஜப்பானில் 2011-இல் ஓட்சு நகரத்து மாணவன் ஒருவன் சக மாணவர்களின் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, பள்ளியும் கல்வி வாரியமும் விசாரித்த லட்சணம் நாடு முழுக்கக் கோபத்தைக் கிளப்பியது. அதையடுத்து 2013-இல் வந்த சட்டம், எங்கே நடந்தது என்பதைப் பார்க்காமல், இணையத்தில் நடப்பதையும் சேர்த்து, பள்ளி மீதே பொறுப்பைச் சுமத்தியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல், பள்ளிக்கு வெளியே மாணவி ஒருத்தி ஸ்னாப்சாட்டில் எழுதியதற்காகப் பள்ளி தண்டித்தது தவறு என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைத்துக் கடுமையாகத் துன்புறுத்தினால், வளாகத்துக்கு வெளியே நடந்தாலும் பள்ளி தலையிட இடமுண்டு என்று அதே தீர்ப்பில் சொன்னது.

நம் ஊரில் 1997-இன் ராகிங் தடைச் சட்டம் கல்வி நிறுவனத்துக்கு உள்ளேயும் வெளியேயும் ராகிங் கூடாது என்கிறது. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் கொல்லப்பட்டதையடுத்து, கல்லூரி விடுதிகளை மனதில் வைத்து வந்த சட்டம் அது. ஏழாம் வகுப்புப் பையனின் பஸ் பயணத்துக்கு இங்கிலாந்தைப் போல ஒரு தெளிவான வரி நம் தலைமையாசிரியர்கள் கையில் இல்லை. இருந்தாலும் அதிகாரம் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. தண்டிக்கத்தான் அதிகாரம் வேண்டும். கேட்கவும், எழுதி வைக்கவும், இரண்டு பெற்றோரையும் தனித்தனியே கூப்பிடவும், 1098-க்குச் சொல்லவும் எந்த அரசாணையும் தேவையில்லை. அதோடு நேற்று ராத்திரி குரூப்பில் ஒரு மாணவியின் ஆண்டு விழாப் படத்தை ஸ்டிக்கராக்கிச் சுற்றவிட்டார்கள் என்றால், இன்று காலை அவள் உள்ளே நுழைகிற வகுப்பறையில் முப்பது பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். அது பள்ளி நேரத்தில் நடந்ததா இல்லையா என்று வாட்சைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

ஆசிரியர்களின் பயத்தைச் சொன்னேன். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் ஆசிரியைதான் அதே பஸ் ஸ்டாண்டில் அந்தப் பையன்களின் அண்ணன்மாரைத் தாண்டிப் போக வேண்டும். ‘நீங்க பாடத்த மட்டும் நடத்துங்க டீச்சர்’ என்ற எச்சரிக்கை பலருக்கு வந்திருக்கிறது. இன்னொன்றும் உண்டு. ஆசிரியரும் ஒரு சாதியில் பிறந்தவர்தான். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்டு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த நீதியரசர் சந்துரு குழு, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவர்களை அங்கேயே தலைமையாசிரியராகவும் கல்வி அலுவலராகவும் போட வேண்டாம் என்று பரிந்துரைத்தது இதனால்தான். 500 மாணவர்களுக்கு மேல் உள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்று தனியாக ஒருவர் வேண்டும் என்றும் அந்தக் குழு சொன்னது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு பற்றிய பரிந்துரைகள்தான் தொலைக்காட்சி விவாதங்களில் சூடு பறந்தன. இந்த நல அலுவலர் பரிந்துரைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாடம் நடத்தும் ஆசிரியர் தலையில் இதைக் கட்டிவிட்டுப் போனால் நடக்காது.

பள்ளி இப்போது இறங்கும் விதத்தில் மூன்று தவறு. முதலாவது, இருவரையும் ஒரே அறையில் நிறுத்தி, கை கொடுக்கச் சொல்லி, ‘ஃப்ரெண்ட்ஸா இருங்கடா’ என்று அனுப்புவது. சமபலம் உள்ள இருவர் சண்டை போட்டிருந்தால் அது சரி. பலம் உள்ளவன் இல்லாதவனை நசுக்கும் இடத்தில், யார் சொன்னது என்பதைக் காட்டிக்கொடுக்கும் வேலைதான் அது. இரண்டாவது, டி.சி. கொடுத்து அனுப்புவது. எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு நீக்கக் கூடாது என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் உள்ள வகுப்பு என்றாலும், பள்ளியை விட்டுப் போன பையன் தெருவை விட்டுப் போவதில்லை. பகல் முழுக்க அவன்மேல் இருந்த ஒரே கண்ணையும் எடுத்துவிட்டு, கோபத்தையும் கொடுத்து அனுப்புகிறோம். மூன்றாவது தவறுதான் மிக ஆபத்தானது. எழுத்தில் புகார் வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, புகார் கொடுத்தவனை வழக்கமான நாலரை மணி பஸ்ஸிலேயே ஏற்றிவிடுவது.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் பள்ளிதான் முதலில் என்று ஏன் சொல்கிறேன்? நான் வைத்த இரண்டாவது கேள்விக்குப் பள்ளியால் மட்டுமே பதில் சொல்ல முடியும். தினமும் காலையில் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பது வேறு யாருமில்லை. ஒரு பையன் திடீரென்று மூன்றாவது வரிசையிலிருந்து கதவோரத்துக்கு மாறினால், பஸ் பாஸ் இருந்தும் நடந்து வந்தால், திங்கள்கிழமை தோறும் வயிற்று வலி என்றால், அது வகுப்பாசிரியருக்குத்தான் தெரியும். முதல் கேள்விக்குப் பள்ளியால் தனியாகப் பதில் சொல்ல முடியாது. அங்கேதான் மற்றவர்கள் வேண்டும்.

ஆகவே எங்கள் குழுவில் நான் வைத்திருக்கும் யோசனை இது. பஸ்ஸிலும் தெருவிலும் நடக்கும் அன்றாடச் சீண்டல் என்றால் பள்ளியே கையாளட்டும். பிள்ளைகளை ஒருபோதும் நேருக்கு நேர் நிறுத்தாமல், தனித்தனியாகப் பேசி, தேதியோடு பதிந்து வைக்கட்டும். பஸ் கண்டக்டரிடம் பள்ளி சார்பில் ஒருவர் பேசட்டும், எந்தப் பெற்றோரும் பேச வேண்டாம். ஆயுதம், காயம், சாதி, பாலியல் என்றால் அன்றைக்கே காவல்துறைக்கும் 1098-க்கும் பள்ளி எழுத்தில் தெரிவிக்கட்டும், பெற்றோரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். போனில் ஆபாசமாக மாற்றிய படம் வந்திருந்தால் ஆதாரம் என்று நினைத்து அதைத் தலைமையாசிரியருக்கு ஃபார்வர்டு செய்யாதீர்கள். சிறுவர் ஆபாசப் படத்தை அனுப்புவதே தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். வந்த போனை அப்படியே வைத்திருந்து போலீசிடம் காட்டுங்கள்.

புகார் சொன்ன அன்று சாயங்காலத்துக்கென்று ஒரு தனி ஏற்பாடு வேண்டும். அந்தப் பிள்ளையை வீட்டிலிருந்து ஒருவர் வந்து கூட்டிப் போகிறாரா, வர முடியாவிட்டால் குழு உறுப்பினரில் யார் போவது, எதிர்த்தரப்புப் பெற்றோரை எப்போது கூப்பிடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பைக் கூப்பிடுவதற்கு முன்பே புகார் சொன்ன பிள்ளை பத்திரமான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், இந்த வரிசை மாறவே கூடாது. கூப்பிட்டுப் பேசும்போதே, ‘அவங்க வீட்டுப் பக்கம் யாரும் போய்ப் பேசக் கூடாது, போனா அடுத்த போன் ஸ்டேஷனுக்குத்தான்’ என்று தலைமையாசிரியர் தெளிவாகச் சொல்ல வேண்டும். மிரட்டல் வாடை கொஞ்சம் இருந்தாலும் அன்று இரவே உள்ளூர் ஸ்டேஷனின் குழந்தைகள் நலக் காவல் அலுவலருக்குத் தகவல் போக வேண்டும். அவர் பெயரும் எண்ணும் எங்கள் தலைமையாசிரியர் மேசையில் இல்லை. சென்ற கூட்டத்தில் கேட்டேன், ‘வாங்கி வைக்கிறேன் சார்’ என்றார்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி நிறைவேற்றக் கேட்கப்போகிறேன். ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, பஸ்ஸில் எங்கே உட்காருகிறான் என்று கேட்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன். பேச்சு அடங்கும்வரை காத்திருந்துதான் மறுபடி தொடங்குவார்கள்.